ரொக்கத்துக்கு ஆதார் வேண்டாம்

தேனியில் அந்தத் தனியார் மருத்துவமனையின் தரைத்தளத்தில் இரண்டு கவுன்ட்டர்கள் இருந்தன. ஒன்று அரசுக் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்களுக்கு. அங்கே கண்ணாடித் தடுப்பும், டோக்கன் மெஷினும், வரிசையாகப் போட்ட இரும்பு நாற்காலிகளும் இருந்தன. மற்றது ரொக்கம் கட்டுபவர்களுக்கு. அங்கே நாற்காலி கிடையாது. யாரும் காத்திருக்க வேண்டியதில்லை.

பங்குனி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, சுருளிப்பட்டி கோட்டைச்சாமி முதல் கவுன்ட்டரின் முன்னால் மகளோடு உட்கார்ந்திருந்தார். மடியில் இருந்த துணிப்பையில் காப்பீட்டு அட்டை, ரேஷன் கார்டு, மகள் யுவராணியின் ஆதார் மூன்றும் இருந்தன. யுவராணிக்கு இருபத்திரண்டு வயது. கல்லூரி முடித்து ஒரு வருடம் ஆகியிருந்தது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அன்று காலையில் எக்கோ எடுத்துப் பார்த்த இதய டாக்டர், ஒரு வால்வு சுருங்கிப்போயிருக்கிறது என்றார். சிறு வயதில் வந்த காய்ச்சலும் மூட்டுவலியும் விட்டுப்போனது அது. தொடை வழியாகக் குழாய் விட்டுப் பலூனால் விரித்துவிடலாம், மூன்று நாளில் வீட்டுக்குப் போகலாம், கார்டு இருந்தால் ஒரு பைசா செலவில்லை என்றார். பன்னீர் திராட்சையில் இரண்டு போகம் அடிவாங்கியிருந்த கோட்டைச்சாமிக்கு அந்தக் கடைசி வாக்கியம் பெரிய ஆறுதலாக இருந்தது.

அவருக்கு முன்னால் நான்கு டோக்கன் இருக்கும்போது, கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் ஏதோ காகிதம் எடுக்க எழுந்து திரும்பினாள். கோட்டைச்சாமிக்கு அவளைத் தெரிந்தது. கோம்பைக்காரி, பவானி. எட்டு நாளுக்கு முன்னால் யுவராணிக்குப் பூ வைக்க வந்தவர்களில் அவளும் ஒருத்தி. மாப்பிள்ளை தமிழ்மாறனின் தாய் ராஜாத்திக்கு அண்ணன் மகள். பூ வைத்த அன்று யுவராணியின் தலையில் சரத்தைச் செருகியது அவள் கைதான்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு கார்டைப் பைக்குள் தள்ளிவிட்டு எழுந்து, மகளையும் கையைப் பிடித்து எழுப்பி, மருந்துக்கடைப் பக்கமாக நடந்தார்.

தூணுக்குப் பின்னால் நின்று, பவானி அங்கே இருப்பதை அவர் யுவராணியிடம் சொன்னார்.

"கார்டுலயே போடுவோம்ப்பா. தெரிஞ்சா தெரியட்டும். கல்யாணம் நின்னா நிக்கட்டும்."

"நின்னா இந்த ஒண்ணு மட்டுமா நிக்கும் ஆத்தா? நெஞ்சுல ஓட்டைன்னு கம்பத்துல இருந்து போடி வரைக்கும் பேசுவாக. பெறகு எவன் வருவான்?"

"ஓட்டை இல்லப்பா. வால்வு."

"அது உனக்கும் டாக்டருக்கும் தெரியும்."

ரொக்கக் கவுன்ட்டரில் இருந்தவர் எழுந்து நின்று அவரை சார் என்று கூப்பிட்டார். ஒரு லட்சத்து நாற்பதாயிரம், மொத்தமாகக் கட்டினால் பத்து சதவீதம் குறைத்துக்கொள்வோம், நாளைக்கே செய்துவிடலாம் என்றார். அடையாள அட்டை வேண்டுமா என்று கோட்டைச்சாமி தயங்கித் தயங்கிக் கேட்டார். கார்டு கேஸுக்குத்தான் ஆதார், கைரேகை, போட்டோ எல்லாம் வேண்டும், ரொக்கத்துக்கு ஒன்றும் வேண்டாம், பெயர், வயது, ஊர் சொன்னால் போதும் என்றார் அவர்.

கோட்டைச்சாமி, சொர்ணலதா என்றார். வயது இருபத்திரண்டு. ஊர் வருசநாடு. சொர்ணலதா, மஞ்சள் காமாலையில் எப்போதோ இறந்துபோன அவருடைய தங்கை. உயிரோடு இருக்கிற யாருடைய பெயரைச் சொன்னாலும் அது சுற்றி எங்காவது போய்ச் சேரும் என்று அவருக்குப் பட்டது. பக்கத்தில் நின்ற யுவராணி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். 

நகைக்கு வைத்திருந்ததில் பாதியும், கொடியில் இருந்த பிஞ்சுக்குக் கம்பம் வியாபாரியிடம் வாங்கிய முன்பணமும் போதுமானதாக இருந்தன. மூன்றாம் நாள் மருத்துவமனையிலிருந்து அனுப்பும்போது டாக்டர் இரண்டு விஷயம் சொன்னார். இருபத்தொரு நாளைக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி விடாமல் போட வேண்டும். கல்யாணம் ஆனால், பிள்ளை உண்டாவதற்கு முன்னால் ஒருமுறை வந்து எக்கோ எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். இரண்டையும் மருத்துவமனைப் பிரதியிலும் அவர்களுக்கான கோப்பிலும் சிவப்பு மையால் எழுதிக் கோடிட்டுக் கொடுத்தார். கோட்டைச்சாமி அந்தக் கோப்பை வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. தோட்டத்து மோட்டார் அறையில், பூச்சிமருந்து டப்பாக்களுக்குப் பின்னால் வைத்தார்.

கவாத்து வெட்டிய நாளிலிருந்து எத்தனையாவது நாள் எந்த மருந்து அடிக்க வேண்டும் என்பதை அவர் மனதிலேயே வைத்திருப்பவர். ஊசிக் கணக்கையும் அப்படியே வைத்துக்கொண்டார். மனைவி அன்னத்தாயிடம், ஏதாவது காரணம் சொல்லி மூன்று வாரத்துக்கு ஒருமுறை பிள்ளையை வரவழைத்துவிடலாம் என்றார். எக்கோவைப் பற்றிக் கேட்டபோது, அதையும் அப்படி ஒரு தடவை வருகிறபோது பார்த்துவிடலாம் என்றார்.

வைகாசியில் கல்யாணம் நடந்தது. தமிழ்மாறனுக்கு வீடு கோம்பையில். உத்தமபாளையத்தில் உரக்கடை வைத்திருந்தான். அதிகம் பேசாதவன். சாயங்காலம் கடையை அடைத்துவிட்டு வரும்போது அவளுக்குப் பிடித்த பருத்திப்பால் வாங்கி வருகிறான் என்று யுவராணி தாயிடம் சொன்னாள். ராஜாத்தி வாய் நிறையப் பேசுகிறவள், மருமகளைக் கீழே விடாமல் தாங்கினாள். ஊசிக்காக யுவராணி முதல் தடவை தாய்வீட்டுக்குக் கிளம்பியபோது ராஜாத்தி சிரித்தாள். இரண்டாவது தடவை பேருந்து நிறுத்தத்திலேயே நாலு பேர் கேட்கச் சொன்னாள்.

"மூணு வாரம் ஆனா டாண்ணு பொறந்த வீட்டு நெனப்பு வந்துருது. ஏலே மாறா, உன் பொண்டாட்டிக்கு ஒரு பஸ் பாஸ் எடுத்துக் குடுத்துரு."

ஆடிக்கு அழைக்கப் போனபோது யுவராணிக்கு நாள் தள்ளிப்போயிருந்தது. ராஜாத்தி தெரு முழுக்கச் சீனி கொடுத்திருந்தாள். அன்னத்தாய் சிரித்த முகத்தோடு சீனியை வாங்கி வாயில் போட்டுக்கொண்டு, வீட்டுக்கு வந்ததும் உட்கார்ந்து அழுதாள். டாக்டரிடம் போய்க் கேட்டுவிடலாம் என்றாள். கோட்டைச்சாமியும் ஒத்துக்கொண்டார். ஆனால் ஆடி முழுக்க யுவராணிக்கு வாந்தி. தலை தூக்க முடியவில்லை. ஊசியை மட்டும் உள்ளூரிலேயே போட்டார்கள். ஆவணி பிறந்ததும் கோம்பையிலிருந்து வந்து கூட்டிப்போய்விட்டார்கள். அதன் பிறகு, பிள்ளைத்தாய்ச்சி பஸ்ஸில் குலுங்கக் கூடாது என்று ராஜாத்தி எங்கும் அனுப்பவில்லை. ஊசி நின்றது.

கிராம சுகாதார நர்ஸ் வந்து பதிவு செய்த அன்று யுவராணி போன் செய்தாள். இதுக்கு முன்னால் ஆபரேஷன், பெரிய வியாதி ஏதாவது உண்டா என்று நர்ஸ் கேட்டார்களாம். அப்புறம் யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறாள். நர்ஸ் பக்கத்து வீட்டில் இருக்கிறார்கள், திரும்பி வருவார்கள்.

"சொல்லிரவாப்பா?"

"அத்தை பக்கத்துல இருக்காகளா?"

"இங்கனதான் வாசல்ல உக்காந்து கீரை ஆயுறாக."

"அப்பப் பெறகு சொல்லிக்கிருவோம் ஆத்தா. வளைகாப்புப் போட்டுக் கூட்டிட்டு வந்துட்டா நீ நம்ம வீட்டுப் பிள்ளை. மறுநாளே தேனிக்குப் போயிருவோம். ஒருத்தருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை."

அவர் அதைத் தட்டிக்கழிப்பதற்காகச் சொல்லவில்லை. உண்மையிலேயே அப்படித்தான் கணக்குப் போட்டிருந்தார். ஏழாம் மாதம் வளைகாப்பு. வளையல் போட்ட கையோடு பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துவருவது வழக்கம். பிறகு பிரசவம் வரை என்ன பார்த்தாலும், எங்கே கூட்டிப்போனாலும், பெற்றவர்கள் பாடு. எந்த அட்டையும் காட்டத் தேவையில்லாத ரொக்கத்துக்கு, திராட்சைப் பணத்திலிருந்து முப்பதாயிரம் தனியாக எடுத்துக்கூட வைத்திருந்தார்.

ஏழாம் மாதம் மார்கழியில் வந்தது.

மார்கழியில் வளையல் போடக் கூடாது என்று ராஜாத்தி சொல்லிவிட்டாள். எட்டாம் மாதம் இரட்டைப்படை, ஆகாது. மாசியில் ஒன்பதாம் மாதம் போட்டுக்கொள்ளலாம், அழைத்துப்போகலாம் என்றாள். கோட்டைச்சாமி கோம்பைக்கு நேரில் போய்க் கேட்டுப் பார்த்தார். கார்த்திகைக் கடைசியிலேயே சின்னதாகச் செய்தால் என்ன, பிள்ளையைப் பார்க்காமல் அன்னத்தாய்க்குத் தூக்கமில்லை என்று சொன்னார். சொல்வதற்கு அதைவிடப் பலமான காரணம் ஒன்று அவரிடம் இருந்தது. அதைச் சொல்ல முடியவில்லை. ராஜாத்தி காபி கொடுத்து, பெண்ணைப் பெற்றவர்கள் எல்லாரும் இப்படித்தான் அவசரப்படுவார்கள் என்று சமாதானம் சொல்லி அனுப்பினாள். வாசல் வரை வந்த யுவராணி நாலு எட்டு நடந்ததற்கு நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிள்ளை மேலே ஏறி அடைக்கிறது, எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும் என்றாள் ராஜாத்தி. அவளுக்கு வேறு எதுவும் தெரியாது.

மார்கழி பதினொன்றாம் நாள் காலை பத்து மணிக்குத் தமிழ்மாறன் போன் செய்தான். கோட்டைச்சாமி பந்தலுக்குக் கீழே சாம்பல் நோய்க்கு மருந்து அடித்துக்கொண்டிருந்தார். யுவராணிக்கு விடிந்ததிலிருந்து மூச்சு முட்டுகிறதாம். உத்தமபாளையத்தில் ஒரு டாக்டரம்மாவிடம் சேர்த்திருக்கிறார்களாம். ரத்தம் ரொம்பக் குறைவு, ரத்தம் ஏற்றப்போகிறார்களாம். அவர் கையைக்கூடக் கழுவாமல் அன்னத்தாயை வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். கம்பம் தாண்டும்போது அன்னத்தாய் பின்னாலிருந்து, போனதும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள் என்றாள். சொல்கிறேன் என்றார். அனுமந்தன்பட்டியில் மறுபடியும் சொன்னாள். சொல்கிறேன் என்றேனே என்றார்.

யுவராணி கட்டிலில் தலையணைகளை முதுகுக்கு வைத்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். படுக்க முடியவில்லை. கையில் ரத்தம் இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் ராஜாத்தி நெஞ்சை நீவிவிட்டுக்கொண்டிருந்தாள், இன்னொரு பக்கம் தமிழ்மாறன். அவனுடைய சித்தப்பா வீட்டார் இரண்டு பேரும் வந்து சுவரோரம் நின்றிருந்தார்கள். டாக்டரம்மா ஸ்டெதாஸ்கோப்பை முதுகில் வைத்து நெடுநேரம் கேட்டார். பிறகு நெஞ்சில் வைத்துக் கேட்டார். நிமிர்ந்து, இதயத்தில் முன்னால் ஏதாவது பிரச்சினை இருந்ததா என்று ராஜாத்தியிடம் கேட்டார். சத்தியமாக எதுவும் இல்லை என்றாள் ராஜாத்தி. டாக்டரம்மா யுவராணியைப் பார்த்தார். யுவராணி வாயைத் திறந்தாள். மூச்சு வார்த்தையாகவில்லை. அவள் கதவருகே நின்ற தகப்பனைப் பார்த்தாள்.

"நீங்கதான் அப்பாவா? சின்ன வயசுல மூட்டுவலி, ஹார்ட்ல ஏதாச்சும்னு எங்கயாவது காட்டியிருக்கீங்களா?"

அந்த அறையில் அவரைத் தவிர ஏழு பேர் இருந்தார்கள். எல்லாரும் கோட்டைச்சாமியைப் பார்த்தார்கள்.

"அப்பிடியெல்லாம் ஒண்ணுமில்லைங்கம்மா" என்றார்.

தனியாகப் போய்ச் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தார். டாக்டரம்மா வெளியே வந்ததும் அவரும் பின்னாலேயே வந்தார். அதற்குள் ஒரு நர்ஸ் ஓடிவந்து எதையோ சொல்ல, டாக்டரம்மா பிரசவ அறைக்குள் போய்விட்டார். கதவு சாத்திக்கொண்டது. உள்ளே வேறொரு பெண் கத்திக்கொண்டிருந்தாள். கோட்டைச்சாமி அந்தக் கதவுக்கு முன்னால் நின்றார். அம்மாவிடம் ஒரு வார்த்தை பேச வேண்டும் என்று போகிற வருகிற நர்ஸுகளிடம் சொன்னார். வந்துவிடுவார்கள், உட்காருங்கள் என்றார்கள். என்ன விஷயம் என்று ஒருத்தி கேட்டாள். தமிழ்மாறனின் சித்தப்பா அப்போது தண்ணீர் பிடிக்க அங்கே வந்தார். ஒன்றுமில்லை, அம்மாவிடம் சொல்லிக்கொள்கிறேன் என்றார் கோட்டைச்சாமி.

நாற்பது நிமிடம் ஆனது. முதல் பாட்டில் முடிந்து இரண்டாவது பாட்டில் போட்டிருந்தார்கள். அன்னத்தாய் நடைவழிக்கு வந்து, சொல்லியாச்சா என்று கேட்டாள். அவர் கதவைக் காட்டினார். அவள் அவரை ஒரு கணம் பார்த்துவிட்டு, எல்லாருக்கும் கேட்கும்படியாக நர்ஸைக் கூப்பிட்டாள்.

"ஏம்மா, என் மகளுக்கு நெஞ்சு வால்வுல பலூன் வச்சிருக்கு. தேனியில வச்சோம். போய்ச் சொல்லு அந்த அம்மாகிட்ட."

நர்ஸ் ஓடினாள். டாக்டரம்மா கையுறையோடு வெளியே வந்து, முதலில் ரத்தத்தை நிறுத்தச் சொன்னார். யுவராணியின் வாயோரம் அதற்குள் இளஞ்சிவப்பாக நுரை கட்டியிருந்தது. ஊசிகள் போட்டார்கள். ஆக்சிஜன் வைத்தார்கள். 108 வந்தது. தூக்கி ஏற்றும்போது டாக்டரம்மா கோட்டைச்சாமியைத் திட்டவில்லை. இப்படி வால்வு இருக்கிறவர்களுக்கு ரத்தம் ஏற்றுவதற்கு முன்னால் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான் சொன்னார்.

ஆம்புலன்ஸில் தமிழ்மாறனும் அன்னத்தாயும் போனார்கள். கோட்டைச்சாமியும் ராஜாத்தியும் பின்னால் ஒரு வாடகைக் காரில் போனார்கள். சின்னமனூர், வீரபாண்டி, தேனி என்று நாற்பது கிலோமீட்டர் போய் க.விலக்கு வரும்வரை ராஜாத்தி ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் இவ்வளவு நேரம் பேசாமல் இருந்து அவர் பார்த்ததில்லை.

அரசு மருத்துவமனையில் ஐந்தாறு டாக்டர்கள் சூழ்ந்துகொண்டார்கள். எக்கோ எடுத்துக்கொண்டே, பழைய ரிப்போர்ட் எங்கே, வால்வு எவ்வளவு விரிந்தது, என்ன மருந்து சாப்பிட்டாள் என்று கேட்டார்கள். கோப்பு சுருளிப்பட்டி மோட்டார் அறையில் இருந்தது. ஆள் போய் எடுத்துவர மூன்று மணி நேரம் ஆகும். கோட்டைச்சாமி தமிழ்மாறனிடம் போய், பவானிக்குப் போன் போட்டுக் கேட்க முடியுமா மாப்பிள்ளை என்றார். அவள் வேலை பார்க்கிற மருத்துவமனையில்தான் செய்தது என்று அப்போதுதான் சொன்னார். தமிழ்மாறன் ஒன்றும் கேட்காமல் போனைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான்.

யுவராணியின் பெயரில் இருக்காது என்று கோட்டைச்சாமி ஆரம்பித்தார். மேலே சொல்வதற்குள் பவானியே சொன்னாள்.

"சொர்ணலதான்னு இருக்கும் பெரியப்பா. எனக்குத் தெரியும். எடுத்து போட்டோ அனுப்புறேன், லைன்ல இருங்க."

"உனக்கு எப்பிடித் தெரியும்?" என்றான் தமிழ்மாறன்.

"வார்டுல பாத்தேன் மச்சான். படுத்திருந்தா. மூஞ்சியத் திருப்பிக்கிட்டா. போர்டுல வேற பேரு இருந்துச்சு."

"எங்ககிட்ட ஏன் சொல்லல?"

 யாரோ கோப்புகளைத் தள்ளுகிற சத்தம் கேட்டது.

"ஆஸ்பத்திரியில பாத்தத வெளிய சொல்லக் கூடாது மச்சான். அவுக கார்டுல போட்டிருந்தாலும் நான் ஒருத்தருகிட்டயும் வாயத் தொறந்திருக்க மாட்டேன். கல்யாணத்துக்கு முன்னாடி உங்ககிட்ட அவுகளே சொல்லியிருப்பாகன்னு நெனச்சேன்."

ரிப்போர்ட்டின் போட்டோ நான்கு நிமிடத்தில் வந்தது. டாக்டர் வாங்கிப் பார்த்துவிட்டு, சிவப்பு மையில் கோடிட்ட இடத்தில் கொஞ்சம் நின்று, போனைத் திருப்பிக் கொடுத்தார். மூன்றரை மணிக்குக் குழந்தையை எடுத்தார்கள். பெண் குழந்தை. உயிர் இல்லை. நாலே முக்காலுக்கு யுவராணியும் போய்விட்டாள் என்று வந்து சொன்னார்கள்.

கர்ப்பிணி மரணம் என்பதால் விசாரணை உண்டு. ஒரு பெண் அதிகாரி வந்து நடைவழியில் உட்கார்ந்து, படிவத்தை வைத்துக்கொண்டு கேள்வி கேட்டார். முன்பு செய்த சிகிச்சைக்கு ஏன் காப்பீட்டு அட்டையைப் பயன்படுத்தவில்லை, அட்டை இல்லையா என்று கேட்டார். இருந்தது என்றார் கோட்டைச்சாமி. பிறகு ஏன் என்றார் அதிகாரி.  அதிகாரி சிறிது நேரம் காத்திருந்துவிட்டு அந்த இடத்தில் ஒரு கோடு போட்டார்.

அந்த அம்மாள் எழுந்து போன பிறகு ராஜாத்தி அவருக்கு எதிரே வந்து நின்றாள். அழுது முகம் வீங்கியிருந்தது. குரல் மட்டும் நிதானமாக இருந்தது.

"சொல்லியிருந்தா நாங்க எடுத்திருக்க மாட்டோம்ணே. அது நெசந்தான், நான் பொய் சொல்ல மாட்டேன். வேற பிள்ளை பாத்திருப்போம். உம்ம மக உம்ம வீட்டுல இருந்திருப்பா."

கோட்டைச்சாமி தலையசைத்தார்.

இலவச ஊர்தியின் டிரைவர் காகிதங்களோடு வந்து எந்த ஊர் என்று கேட்டார். அன்னத்தாய் தமிழ்மாறனைப் பார்த்தாள். தமிழ்மாறன், கோம்பை என்றான். டிரைவர் எழுதிக்கொண்டார். தாயையும் சேயையும் ஒரே துணியில் சுற்றிக் கொண்டுவந்து ஏற்றினார்கள். அன்னத்தாய் ஏறினாள், ராஜாத்தி ஏறினாள், தமிழ்மாறன் ஏறி உள்ளிருந்து பெஞ்சில் தள்ளி உட்கார்ந்தான். இன்னும் ஒருவருக்கு இடம் இருந்தது. யாரும் கோட்டைச்சாமியை ஏறச் சொல்லவில்லை. ஏற வேண்டாம் என்றும் சொல்லவில்லை. டிரைவர் கதவைப் பிடித்தபடி அவரைப் பார்த்து, நீங்க யாரு, சொந்தமா என்று கேட்டார்.